மருந்து போடுமுன் வயல் தண்ணீரைப் பாருங்கள்

ஒருமுறை நெல்லுக்குக் குருணை மருந்து (மணி மணியாக இருக்கும் பூச்சிமருந்து) போட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வயலில் தண்ணீரே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக நண்டு வளை வழியே வடிந்திருந்தது. தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சி சௌக்கியமாக இருந்தது; கீழ் வாய்க்காலில் மீன் குஞ்சுகள்தான் செத்து மிதந்தன. அதிலிருந்து மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வந்த பிறகே மருந்தைப் பிரிக்கிறேன். வளைகளில் சேற்றைத் திணித்து மிதிக்க வேண்டும். மடையை அடைத்து, குருணைக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிறுத்துங்கள். அப்புறம் ஏழு நாள் மடையைத் திறக்க வேண்டாம். மழை கூடியிருந்தால் அன்று மருந்தே வேண்டாம்.

அடுத்து, நேரம். பாசி படர்ந்த வயலில் வெயில் ஏற ஏற, தண்ணீரிலுள்ள கரியமில வாயுவைப் பாசி இழுத்துக்கொள்ளும். காலையில் பிஎச் (தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு) 7 காட்டிய தண்ணீர் மத்தியானம் 9ஐத் தாண்டிவிடும். சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள், நம்புவீர்கள். பல நாடுகள் தடை செய்துவிட்ட கார்போபியூரான் போன்ற கார்பமேட் மருந்துகள் அந்தக் காரத்தில் சீக்கிரம் உடையும். இமிடாகுளோபிரிட் என்ற மருந்துக்கு வெயில்தான் எமன்: தெளிந்த தண்ணீரில் சில மணி நேரத்தில் பாதியாகும், மண்ணுக்குள் போய்விட்டாலோ மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் சாயங்காலம்தான் என் கணக்கு.

சேற்றைக் கிளறினால் மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு. அடியில் கருத்து நாறும், அங்கே பிராணவாயு கிடையாது. மேட்டு நிலத்தில் நெடுநாள் கிடக்கும் லிண்டேன் என்ற பூச்சிமருந்து இந்தக் கருஞ்சேற்றில் வேகமாகச் சிதையும். ஆனால் உடைந்துவிட்டாலே விஷம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அசிபேட் மருந்து உடைந்து பிறக்கும் மெத்தமிடோபாஸ் தாயைவிடப் பொல்லாதது.

ஒரே மருந்தைத் தொடர்ந்து போடுபவர்களுக்கு ஒன்று. டயசினான் என்ற பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பப் போட்ட வயல் தண்ணீரில், அதையே தின்று வாழும் ஒரு பாக்டீரியாவை சேதுநாதனும் யோஷிடாவும் 1973இல் விவரித்தார்கள். ஆராய்ச்சி நடந்தது பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில். மருந்து கேட்கவில்லை என்றதும் நாம் பூச்சியைத்தான் திட்டுவோம். சில சமயம் பூச்சியைத் தொடுமுன்பே மருந்து சாப்பிடப்பட்டிருக்கும்! அளவைக் கூட்டாமல் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். பைரெத்ராய்டு வகையை மட்டும் நெல்லில் நான் தொடுவதே இல்லை: மீனுக்கு ஆகாது, பூச்சி தின்னும் சிலந்திகளைக் கொன்று, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பெருக்கிவிடும்.

புகையானுக்கு முறையே வேறு. அது தூரில் உட்கார்ந்திருப்பதால் முதலில் தண்ணீரை வடித்து, பயிரை விலக்கி, அடித்தண்டு நனையத் தெளியுங்கள். வடிப்பது தெளிப்புக்கு முன்னால். தெளித்தபின் மடை மூடியே இருக்கட்டும்.