இரண்டாங்கட்டுப் படங்களில் விழுந்த கோடு

கானாடுகாத்தானில் பங்காளிகள் வீட்டைப் பிரிக்கப் பேச ஆரம்பித்ததும்தான் கேமரா வாங்கினேன். தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் போவதற்குள் எடுத்துவிட வேண்டும். முற்றத்தைத் தாண்டிய உள்பகுதியான இரண்டாங்கட்டில் எடுத்த படத்திலெல்லாம் குறுக்கே கருப்புப் பட்டை. லென்ஸைத் துடைத்தேன், கார்டை மாற்றினேன். சர்வீஸ் கடையில் நாலு நாள் போனது, பழுதே இல்லை என்றார்கள்.

படங்களைப் பார்த்த அப்பத்தா, "முத்தத்துல எடுத்ததுல கோடே இல்லையேப்பா" என்றார். ஆமாம், அங்கே வெயில்; உள்ளே எல்இடி டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த மாதிரி விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் வைத்திருந்ததோ 1/800 நொடி ஷட்டர், அதுவும் படத்தை வரிவரியாகப் பதியும் சைலண்ட் மோடில்; விளக்கு மங்கிய கணத்தில் பதிந்த வரிகள்தான் கருப்புப் பட்டை. சைலண்ட் மோடை நிறுத்தி, ஷட்டரை 1/50க்கு இறக்கி, ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். பட்டை போய்விட்டது. நிலைக்கதவு லட்சுமியின் நெற்றியில் காய்ந்த குங்குமம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அப்பாடா!