வீட்டுத் தோட்டத்துக்குச் சிறிய ஸ்டம்ப் கிரைண்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, திருவான்மியூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற குல்மோகர் மரம் முறிந்து விழுந்தது. கிளைகளையும் அடிமரத்தையும் இரண்டே நாளில் அறுத்து அகற்றிவிட்டோம். அடிக்கட்டை மட்டும் மண்ணிலேயே கிடந்தது. மழைக்காலத்தில் அதில் காளான் பூத்தது. பின்னர் கறையான் ஏறி, வாசற்கதவின் நிலைச்சட்டம் வரை வந்துவிட்டது. அதன் பிறகுதான் அடிக்கட்டையைத் துருவி எடுக்கும் ஸ்டம்ப் கிரைண்டரைத் தேடத் தொடங்கினேன். முதன்முறையாக வாங்குவோருக்கு, நான் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: அளவெடுங்கள்

கடைக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுங்கள். கட்டையின் மேல்முகத்தை அளந்தால் போதாது. வேர்கள் விரியத் தொடங்கும் தரைமட்டத்தில் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் உண்மையான விட்டம் கிடைக்கும். 94 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். இது சிறிய இயந்திரத்துக்கு ஏற்ற அளவு. மேலே புல் மட்டும் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் 15 சென்டிமீட்டர் ஆழம் துருவினால் போதும். அதே இடத்தில் வேறு கன்று நடுவதாக இருந்தால் 30 சென்டிமீட்டராவது வேண்டும்.

வழியையும் அளந்துகொள்ளுங்கள். நான் முதலில் வாடகைக்கு வரவழைத்த இயந்திரத்தின் அகலம் மூன்றடி. எங்கள் பக்கவாட்டுச் சந்தோ இரண்டரை அடி. வண்டி வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இரண்டாவது: மின்சாரமா, பெட்ரோலா?

வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,680 வாட் வரைதான் எடுக்க முடியும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்பதால், இது ஐந்து குதிரைத்திறனைக்கூட எட்டாது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிச் செல்லும் பெட்ரோல் இயந்திரங்களோ 13 முதல் 15 குதிரைத்திறன் வரை கிடைக்கின்றன. ஆகவே மெல்லிய கட்டைகளுக்கு மின்சார இயந்திரம் போதும் என்றாலும், வேம்பு, புங்கம் போன்ற கெட்டியான மரங்களுக்குப் பெட்ரோல் இயந்திரத்தையே பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது: பற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்

விலை மலிவான இயந்திரங்களில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். இயந்திரத்தின் முன்னால் சுழலும் இரும்புச் சக்கரத்தின் விளிம்பில், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினமான வெட்டுப் பொருள் பதித்த பற்கள் இருக்கும். ஒரு பல்லைக் கழற்றித் தரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள அந்தக் கார்பைடுத் துண்டின் ஓரம் நேராக இருக்க வேண்டும். அது இரும்போடு சேரும் இடத்தில் இடைவெளி தெரியக் கூடாது. கார்பைடு மிகக் கடினமானது, ஆனால் எளிதில் விண்டுபோகும். நம் ஊர் மரங்களிலோ விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகளும், அடிமரத்தைச் சுற்றிப் பூசிய சிமென்ட்டும் ஏராளம். எனவே பற்கள் சாதாரணப் போல்ட்டில் மாட்டப்பட்டவையா, தனித்தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றனவா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். பாரிமுனைக் கடைத்தெருக்களில் விசாரிக்கும்போது, மாற்றுப் பற்களின் விலையையும், இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பெல்ட்டின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

நான்காவது: கையை எடுத்தால் என்ன ஆகிறது?

கைப்பிடியிலுள்ள நெம்புகோலை விட்டவுடன் சக்கரத்துக்குப் போகும் விசை அறுபட வேண்டும். கடைக்காரரை ஓட்டிக்காட்டச் சொல்லி இதை நேரில் பாருங்கள். இது இல்லாத இயந்திரத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சக்கரத்தை மூடும் தகடும், சில்லுகள் தெறிக்காமல் தடுக்கும் ரப்பர்த் திரையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு அடிக்கட்டை மட்டும் இருப்பவர் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். நான்கைந்து கட்டைகள் உள்ள குடியிருப்புச் சங்கத்தினரும் தோட்டப் பராமரிப்பு செய்பவர்களும் வாங்கலாம்.

ஓட்டும்போது

முதலில் சங்கிலி ரம்பத்தால் கட்டையைத் தரையோடு ஒட்ட அறுத்துவிடுங்கள். துருவும் நேரம் பெருமளவு குறையும். சென்னையின் பல தெருக்களில் மின்கம்பி தரைக்கு அடியில் செல்கிறது, மெட்ரோ வாட்டர் குழாயும் பெரும்பாலும் வாசலோரமாகவே வருகிறது. இவை எங்கே போகின்றன என்று உறுதி செய்யாமல் சக்கரத்தை இறக்காதீர்கள். வேட்டி, லுங்கி, துப்பட்டாவுடன் அருகே நிற்கக் கூடாது. கண்ணாடி, காது மூடி, கெட்டியான காலணி அவசியம். ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் மட்டும் இறக்கி, இடமும் வலமுமாக மெதுவாகச் சீவுங்கள். தென்னையாக இருந்தால் அடிக்கடி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அச்சில் சுற்றிய நாரை அகற்ற வேண்டும்.

முடிந்ததும் குழியிலுள்ள மரத்தூளை அப்படியே விட்டு மூடிவிடாதீர்கள். அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், கறையானையும் வரவழைக்கும். முழுவதையும் அள்ளிவிட்டுச் செம்மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் மண் அமுங்கிய பிறகு கன்றை நடுங்கள்.