பழைய குடியேற்றப் பதிவுகளை இண்டெக்சிங் செய்வது எப்படி?

என் தாத்தா மாரிமுத்து, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் வைத்துவிட்டுப் போன காகிதங்கள் மூன்று. மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு வேறு. ஒன்றில் கடைசியில் 'யூ', இன்னொன்றில் இரண்டு 'ஓ', மூன்றாவதில் 'எச்' எழுத்தையே காணோம்.

அதனால்தான் இண்டெக்சிங் வேலை எனக்கு இவ்வளவு பிடித்துப்போனது. பழைய பதிவேட்டைப் படம் பிடித்து இணையத்தில் போட்டால் மட்டும் போதாது. அதில் உள்ள பெயரையும் தேதியையும் எழுத்தாக ஏற்றினால்தான் பேரப்பிள்ளைகள் தேடும்போது அகப்படும். அப்படி ஏற்றுவதுதான் இண்டெக்சிங். இப்போது கணினியும் பழைய கையெழுத்தை வாசிக்கிறது. ஆனாலும் அது தப்பாக வாசித்ததைக் கண்டுபிடிக்க மனிதக் கண் வேண்டும்.

முதலில் ஃபேமிலி சர்ச் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். மோர்மன் திருச்சபை நடத்தும் தளம் இது. யாரும் இலவசமாகச் சேரலாம். கைப்பேசியை விட மடிக்கணினி நல்லது, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வசதி.

அப்புறம் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கக் குடியுரிமைப் பதிவுகள் கிடைத்தால் அதில் தொடங்கலாம், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். 1906 செப்டம்பருக்குப் பிறகு அங்கே நாடு முழுக்க ஒரே மாதிரி படிவம் வந்துவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு நீதிமன்றமும் தன் இஷ்டத்துக்கு எழுதியது. புதியவர்கள் பிந்தைய காலத்தையே எடுங்கள். அந்தக் காலக் காகிதங்களில் வந்த கப்பலின் பெயர், ஏறிய துறைமுகம், உயரம், கண்ணின் நிறம் வரை இருக்கும். முகம் தெரியாத ஒரு மனிதரின் கண் பழுப்பு என்று வாசிக்கும்போது கை கொஞ்சம் நின்றுவிடும்.

ஒரு தடவைக்குக் கொடுக்கும் படங்களின் கட்டுக்குப் பேட்ச் என்று பெயர். அதைத் திறந்ததும் அந்தத் திட்டத்தின் குறிப்புகளைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி மாறும். படத்தைப் பார்த்துக்கொண்டே கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டியதுதான்.

இங்கேதான் நிதானம் வேண்டும். பெயரை உள்ளபடியே தட்டுங்கள், 'சரி' செய்யாதீர்கள். எழுத்து புரியவில்லையா? அதே எழுத்தரின் மற்ற வரிகளைப் பாருங்கள். பெரிய 'எஸ்', 'எல்' இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் அவர் 'லண்டன்' என்று வேறெங்காவது எழுதியிருந்தால் அவருடைய 'எல்' எப்படி வளையும் என்று தெரிந்துவிடும். பழைய கையெழுத்தில் இரட்டை 'எஸ்', 'எஃப் எஸ்' போலக் கிடக்கும். ஐரோப்பியர் எழுதிய 1, நம் கண்ணுக்கு 7.

தேதியில் நாம் கண்டிப்பாக இடறுவோம். 4/7/1912 என்றால் மலேசியாவில் ஜூலை 4, அமெரிக்கக் காகிதத்தில் ஏப்ரல் 7. என் முதல் பேட்ச்சில் பாதித் தேதிகளை இப்படித்தான் புரட்டிப் போட்டேன், அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன்.

ஓர் எழுத்து மட்டும் தெரியாவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி, பல எழுத்துகள் என்றால் நட்சத்திரக்குறி. முழுப் பெயரும் வாசிக்க முடியாவிட்டால் கண்ட்ரோலோடு 'யூ' அழுத்துங்கள். கட்டம் காலியாக இருந்தால் கண்ட்ரோலோடு 'பி'. மேலே உள்ளதே இங்கும் என்று காட்டும் மேற்படிக் குறி (") இருந்தால், மேலே உள்ள சொல்லையே மறுபடி எழுத வேண்டும்.

முடித்ததும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். இன்னொரு தன்னார்வலர் சரிபார்ப்பார், அதனால் பயம் வேண்டாம். பேட்ச்சுக்குக் கெடு உண்டு. வேலை, பிள்ளைகள் என்று நேரம் கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

தொடங்கும் முன் கை பழக வேண்டுமா? வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டியின் பழைய ஐசியை (அடையாள அட்டையை) எடுத்து, எழுத்து விடாமல் தட்டிப் பாருங்கள்.