புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டி: இதையெல்லாம் செய்யாதீர்கள்

அரியாங்குப்பத்தில் குடியிருப்பதால் சனி, ஞாயிறுகளில் வாடகை ஸ்கூட்டியில் வந்து வழி கேட்பவர்களுக்குக் குறைவில்லை. சிலர் அரிக்கமேட்டுக்கு, சிலர் வீராம்பட்டினத்துக்கு, ஆசை மிஞ்சியவர்கள் கெடிலம் ஆற்றைப் பார்க்கக் கடலூருக்கு. கல்லூரிக் காலத்தில் நான் பண்ணிய கூத்துகளையே வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். ஹெல்மெட் போடுவது, கீறல்களை வீடியோ எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

வெள்ளை போர்டு வண்டி எடுப்பது

வாடகைக்கு விட உரிமம் உள்ள வண்டிக்குக் கருப்பு நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. வெள்ளையில் கருப்பு எழுத்து என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த வண்டி. இந்த ஒன்றைப் பார்க்காமல்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

போன வருடம் என் மாமா பையன் வந்திருந்தான். ஐம்பது ரூபாய் குறைவு என்று ஒரு சந்துக் கடையில் வெள்ளை போர்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். சாவி கொடுக்கும்போதே கடைக்காரர், "யாராவது கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க தம்பி" என்று பாடம் நடத்தியிருக்கிறார். அங்கேயே திரும்பியிருக்க வேண்டாமா? வீராம்பட்டினம் சாலையில் நாய் குறுக்கே வர, வண்டி சறுக்கி ஹெட்லைட்டும் முன்பக்க மட்கார்டும் போயின. நல்லவேளை, அவனுக்கு முட்டியில் சிராய்ப்போடு சரி. கடைக்காரர் ரிப்பேர் செலவைக் கேட்டார். அப்புறம், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்டார். "இன்சூரன்ஸ் இருக்குமே?" என்றால், "இதுக்கெல்லாம் வராது" என்றார். நான் கூடப் போய்ப் பேசியும் பைசா குறையவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எரிச்சல் என்னவென்றால், இன்சூரன்ஸ் விஷயத்தில் அந்த ஆள் சொன்னது உண்மை. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வண்டியை வாடகைக்கு விடுவது சேராது. சேதத்துக்குக் கேட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். எதிரில் வந்தவருக்கு அடிபட்டிருந்தால் விவகாரம் கோர்ட் வரை போகும். அப்போது அந்த "ஃப்ரெண்டு" உங்களை யாரென்றே தெரியாது என்பார்.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன் போர்டைப் பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். இந்த ஊரில் வாடகை வண்டிக் கடைக்கா பஞ்சம்?

ஒரிஜினல் லைசென்ஸை அடகு வைப்பது

அதைக் கடையில் கொடுத்துவிட்டு போலீஸிடம் எதைக் காட்டுவீர்கள்? டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும்தான். ஆனால் ரிப்பேர் சண்டை வந்தால் அட்டை அவர் மேசைக்குள் இருக்கும். ஜெராக்ஸ் கொடுங்கள், அட்வான்ஸ் கொடுங்கள்.

டேங்கை நிரப்புவது

ஆக்டிவா டேங்க் ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகம் பிடிக்கும். கடலூர் போய்வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு லிட்டரே தாராளம். மிச்சத்தைக் கடைக்காரர் திருப்பித் தரப்போவதில்லை. தமிழ்நாட்டைவிட இங்கே விலை குறைவு, ஆகவே அந்த இரண்டு லிட்டரைக் கிளம்பும்போதே போட்டுவிடுங்கள்.

சொல்லாமல் எல்லை தாண்டுவது

முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. புதுச்சேரிக்குள் மட்டும்தான் ஓட்டலாம் என்று சில கடைகள் ரசீதிலேயே போட்டிருப்பார்கள். கடலூர் போகும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லி, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மது பாட்டிலோடு எல்லை தாண்டுவது

வேண்டவே வேண்டாம். சோதனைச்சாவடியில் முதலில் திறக்கச் சொல்வதே வண்டியின் சீட்டைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி

சண்டே மார்க்கெட். சுற்றிப் போங்கள்.

மணலில் சைடு ஸ்டாண்டு

வீராம்பட்டினம் கடற்கரையிலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் தண்ணீருக்குப் பக்கத்தில் வண்டியை வைத்துப் படம் எடுக்க ஆசை வரும். ஸ்டாண்டு மெல்லப் புதையும், திரும்பி வருவதற்குள் வண்டி படுத்திருக்கும். கண்ணாடி உடைந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில். தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். இடமே இல்லையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்.