லேசர் பாதுகாப்புக் கண்ணாடி: நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

மரத்திலும் தோலிலும் எழுத்துப் பொறிக்கும் சிறிய லேசர் கருவி ஒன்றைப் பெட்டியிலிருந்து பிரித்தபோது, திருகுகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு பச்சைக் கண்ணாடியும் கிடந்தது. விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வில்லையிலோ சட்டத்திலோ ஓர் எண்கூட அச்சிடப்படவில்லை. எந்த அலைநீளத்தைத் தடுக்கும், அதை எத்தனை மடங்கு குறைக்கும் என்ற இரண்டு விவரங்களும் இல்லாத கண்ணாடியைச் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் என்றே கொள்ள வேண்டும். கருவியோடு சேர்ந்து வந்ததாலேயே அது கருவிக்குப் பொருத்தமானது என்று நம்பிவிடுவது பொழுதுபோக்காக லேசரைக் கையாளுவோரிடம் அடிக்கடி காணும் தவறு.

அதற்கு அடுத்தது நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது. வீட்டுப் பொறிப்புக் கருவிகளில் இருக்கும் நீல டயோடு லேசரின் அலைநீளம் பெரும்பாலும் 445 முதல் 455 நானோமீட்டர் வரை. ஃபைபர் லேசருக்கு 1064. கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு 10,600. இவற்றில் நம் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டுமே; மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். நீலத்தைத் தடுக்கும் வில்லை ஆரஞ்சாகத் தெரிவது உண்மைதான் என்றாலும், ஆரஞ்சாகத் தெரியும் எல்லா வில்லையும் நீல லேசரைப் போதிய அளவு தடுக்கும் என்று அதற்குப் பொருளில்லை. 10,600 நானோமீட்டரைத் தடுக்கும் பாலிகார்பனேட் வில்லையோ தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதே வில்லை நீலக் கதிரையும் 1064 நானோமீட்டர் கதிரையும் ஏறத்தாழ அப்படியே உள்ளே விட்டுவிடும். ஆகவே ஒரு கருவிக்கு வாங்கிய கண்ணாடியை இன்னொரு கருவிக்கு இரவல் வாங்கி அணிவது, கண்ணாடியே அணியாமல் இருப்பதைவிடச் சில வேளைகளில் மோசமானது. வெறுங்கண்ணோடு நிற்பவனுக்கு இருக்கும் அச்சம்கூட அதை அணிந்தவனுக்கு இருக்காது. நீல டயோடு இருந்த இடத்தில் அகச்சிவப்பு லேசர் தலையை மாற்றிப் பொருத்தும் வசதியுள்ள கருவிகளை வைத்திருப்பவர்கள், தலையை மாற்றும்போது கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

பச்சை லேசர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 532 நானோமீட்டர் பச்சைக் கதிர் பல கருவிகளில் நேரடியாகப் பிறப்பதில்லை; 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அதிலிருந்து எழும் 1064 நானோமீட்டர் கதிர் இன்னொரு படிகத்தின் வழியே சென்று பாதி அலைநீளமுள்ள பச்சையாக மாறுகிறது. உள்ளே அகச்சிவப்பு வடிகட்டி வைக்காத மலிவான கருவிகளில் அந்த இரண்டு கதிர்களும் பச்சையோடு சேர்ந்து வெளியே கசியும். 532-ஐ மட்டும் தடுக்கும் கண்ணாடியை அணிந்தவருக்குப் பச்சைப் புள்ளி மறைந்துவிடுவதால் ஆபத்தும் நீங்கியதுபோலத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கதிரோ உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைக் கண்ணின் வில்லை விழித்திரையில் ஒரு சிறு புள்ளியாகக் குவித்துவிடுகிறது; கருவிழியில் விழும் ஒளியின் செறிவு அங்கே சென்று சேரும்போது ஒரு லட்சம் மடங்கு வரை உயரக்கூடும். நீலமோ பச்சையோ கண்ணில் பட்டால் கால் நொடிக்குள் இமை தானாக மூடிக்கொள்ளும் என்பது கணக்கு. அகச்சிவப்புக்கு அந்த அனிச்சையும் கிடையாது, விழித்திரையில் வலியும் தெரியாது.

அடுத்த குழப்பம் ஓ.டி. என்று குறிக்கப்படும் ஒளியடர்த்தி. இந்த எண் ஒன்று கூடினால் கடந்து செல்லும் ஒளி பத்தில் ஒரு பங்காகும், ஓ.டி. 2 நூறில் ஒரு பங்கையும் ஓ.டி. 6 பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் விடுகின்றன. எனவே 6 என்பது 3-ஐப் போல இரண்டு மடங்கு பாதுகாப்பு அன்று, ஆயிரம் மடங்கு. 10 வாட் நீலக் கதிர் முழுவதும் கண்ணுக்குள் புகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இமை மூடும் கால் நொடிக்குத் தாங்கத்தக்கதாகக் கொள்ளப்படும் அளவு ஒரு மில்லிவாட். 10 வாட்டை அந்த அளவுக்கு இறக்கப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும், அதாவது ஓ.டி. 4. அது விளிம்பில் நிற்கும் கணக்கு என்பதால் ஒன்றிரண்டு கூட்டியே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. ஒளியைத் தொடர்ச்சியாக அல்லாமல் விட்டுவிட்டு மிகச் சிறு துடிப்புகளாக வெளியிடும் துடிப்பு லேசருக்கு இந்தக் கணக்கே செல்லாது. சராசரி 20 வாட் தரும் ஃபைபர் லேசர் நொடிக்கு 20,000 துடிப்புகளை வெளியிட்டு, ஒவ்வொன்றும் 100 நானோநொடி நீடிக்குமானால், அந்தக் கணத்தின் உச்சத் திறன் 10,000 வாட். சராசரியை மட்டும் பார்த்துக் கண்ணாடி வாங்குபவர் இதைக் கணக்கில் கொள்வதே இல்லை.

கருவியின் திறனை விளம்பரத்திலிருந்து எடுத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் சில டயோடு கருவிகளின் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட், கருவி இழுக்கும் மின்திறனாக இருக்கும். வெளிவரும் ஒளித்திறன் அதைவிட வெகுவாகக் குறைவு. இந்தத் தவறு தேவைக்கு மேற்பட்ட தடுப்பை வாங்கவைக்குமே தவிர, கண்ணுக்குக் கேடில்லை. ஆனால் அலைநீளத்திலும் அதே போன்ற அலட்சியம் இருந்தால் விளைவு வேறு.

நல்ல கண்ணாடியில் அலைநீள எல்லையும் தடுப்பளவும் வில்லையிலோ சட்டத்திலோ நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஈஎன் 207 தரத்தின்படி செய்யப்பட்டதானால் டி, ஐ, ஆர், எம் என்ற எழுத்துகளும் எல்பி என்ற குறியோடு ஓர் எண்ணும் காணப்படும்; டி என்பது தொடர்கதிரையும் மற்ற மூன்றும் வெவ்வேறு நீளத் துடிப்புகளையும் குறிக்கின்றன. வில்லை எவ்வளவு ஒளியை விடும் என்பதோடு, கதிர் நேரடியாகப் பட்டால் அது உருகாமலும் துளைபடாமலும் சில நொடிகள் தாங்குமா என்பதையும் இந்தத் தரம் சோதிக்கிறது. 190 முதல் 2000 நானோமீட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே வில்லை தடுக்கும் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அழகு நிலையங்களில் முடி நீக்கும் ஒளிவீச்சுக் கருவிகளுக்கானவை. குளிர்கண்ணாடியும் வெல்டிங் கண்ணாடியும் இந்தப் பேச்சிலேயே வரக்கூடாது.

வாங்கிய கண்ணாடியைச் சோதிக்கிறேன் என்று அதை முகத்தில் மாட்டிக்கொண்டு கதிரைப் பார்ப்பவர்கள் உண்டு. அது சோதனை அன்று, சூதாட்டம். கண்ணாடி தற்செயலாகப் பாயும் கதிருக்கான தடுப்பே தவிர, கதிரையோ எரியும் புள்ளியையோ உற்றுப் பார்ப்பதற்கான அனுமதி அன்று. அரை வாட்டுக்கு மேற்பட்ட நான்காம் வகுப்பு லேசரில், சொரசொரப்பான மரத்தில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கேடு செய்யக்கூடும். வேலை நடப்பதைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கேமராவை வைத்துத் திரையில் பாருங்கள். கெட்டால் கேமராவோடு போகும்.

முகத்தில் உட்காரும் விதமும் தேர்வின் ஒரு பகுதியே. பளபளப்பான உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பும் கதிர் பக்கவாட்டிலிருந்தும் வரும் என்பதால், பக்கத் தடுப்பு இல்லாதவற்றை விட்டுவிடுங்கள். பவர் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே மாட்டக்கூடிய அகலமான வகையை வாங்க வேண்டும்; இல்லையென்றால் கன்னத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி நிற்கும். வில்லை மிகவும் இருட்டாக இருந்தால் பொருளைச் சரியாக வைப்பதற்காக அடிக்கடி கழற்ற நேரிடும், கழற்றிய அந்த நிமிடத்தில்தான் கை தவறுதலாகப் பொத்தானில் படும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எத்தனை சதவீதத்தை விடுகிறது என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

கண்ணாடி உங்களை மட்டுமே காக்கும். அறைக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தையைக் காக்காது. கதவைத் திறந்தவுடன் கதிர் நின்றுவிடும்படி அமைந்த மூடிய பெட்டிக்குள் கருவியை வைப்பதே முதல் காப்பு, கண்ணாடி அதற்கு அடுத்ததுதான். இரண்டு மூன்று கருவிகள் உள்ளவர்கள் ஒவ்வொரு கண்ணாடியின் காதுப்பட்டையிலும் அதற்குரிய அலைநீளத்தை அழியாத மையால் எழுதி, அந்தந்தக் கருவியின் அருகிலேயே மாட்டிவைக்கலாம். வில்லையில் ஆழமான கீறலோ விரிசலோ வெளுப்போ தென்பட்டால் அதை எடுத்து எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்.