ஆசிய விமான நிறுவனங்களின் போட்டியை எடைபோடும் முறை

ஒரு விமான நிறுவனம் எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதை அதன் விளம்பரமும் பயணச்சீட்டின் விலையும் சொல்வதில்லை. கிங்ஃபிஷர் நிறுவனத்தின் உபசரிப்பைப் புகழாத பயணிகள் குறைவு. 2012 அக்டோபரில் அதன் விமானங்கள் பறப்பதை நிறுத்தின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றுபோனபோது, அதன் ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கியிருந்தது. வணிகவியல் மாணவர்கள், பங்கு வாங்க எண்ணுபவர்கள், இத்துறையில் வேலைக்குச் சேரவிருக்கும் இளைஞர்கள் ஆகியோர் ஒரு நிறுவனத்தின் உண்மையான பலத்தைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம். அதற்குத் தேவையானவை ஆண்டறிக்கைகளும் பொறுமையும் மட்டுமே.

முதலில் ஆசியா முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு வழித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள். திருச்சி – சிங்கப்பூர் தடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவை இதில் போட்டியிடுகின்றன. அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது என்று எழுதுங்கள். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், டாடா குழுமத்தின் ஏர் இந்தியாவுக்குச் சொந்தமானது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக நடத்திய விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்த பிறகு, அதே ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1% பங்கு வைத்திருக்கிறது. ஆக, கவுண்ட்டரில் மூன்று பெயர்கள் தெரிந்தாலும் அவற்றுள் இரண்டு முதலீட்டு வழியில் உறவுடையவை. இந்த ஓர் உண்மையைக் கவனிக்காமல் கட்டண ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒப்பிடுபவர்கள் தவறான முடிவுக்கே வருவார்கள்.

இரண்டாவது வேலை, செலவுக் கணக்கு. இதுதான் முழு ஆய்வுக்கும் முதுகெலும்பு என்பது என் உறுதியான கருத்து. ஒரு விமானத்திலுள்ள இருக்கைகளின் எண்ணிக்கையை அது பறக்கும் தொலைவால் பெருக்கினால் வருவது இருக்கை-கிலோமீட்டர். 180 இருக்கை கொண்ட விமானம் 1,500 கிலோமீட்டர் பறந்தால் அது 2,70,000 இருக்கை-கிலோமீட்டர். ஓர் இருக்கை-கிலோமீட்டருக்குச் செலவு 4.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பயணத்துக்கு மொத்தம் 12,15,000 ரூபாய் செலவாகும். ஒரு பயணியிடமிருந்து கிலோமீட்டருக்கு 5 ரூபாய் கிடைக்கிறதென்றால், 162 பேர் ஏறினால்தான் வரவும் செலவும் சமமாகும். அதாவது 90% இருக்கைகள் நிரம்ப வேண்டும். செலவை 4 ரூபாயாகக் குறைத்த போட்டியாளருக்கோ 80% நிரம்பினாலே போதும். விலைப்போர் மூளும்போது யார் முதலில் மூச்சுத் திணறுவார் என்பதை இந்தப் பத்து விழுக்காட்டு இடைவெளியே தீர்மானிக்கிறது.

இந்த எண்களை அறிக்கையிலிருந்து எடுக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. எரிபொருளைச் சேர்த்த செலவையும் சேர்க்காத செலவையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெய் விலை இறங்கியதால் கிடைத்த லாபத்தை நிர்வாகத்தின் திறமையாக எண்ணிவிடக் கூடாது. மேலும், நீண்ட தூரம் பறக்கும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டருக்கான செலவு இயல்பாகவே குறைவாக வரும் என்பதால், சராசரிப் பயணத் தொலைவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நிறுவனங்களையே ஒப்பிட வேண்டும்.

செலவு ஏன் குறைகிறது என்று தேடினால் விமானங்களின் பட்டியலுக்கு வந்து சேர்வீர்கள். 2001-இல் டோனி பெர்னாண்டஸ் குழுவினர் ஒரு ரிங்கிட் விலைக்கும் சுமார் 4 கோடி ரிங்கிட் கடன் பொறுப்புக்கும் மலேசியாவின் ஏர்ஏசியாவை வாங்கியபோது அதனிடம் இரண்டே போயிங் விமானங்கள் இருந்தன. ஒரே வகை விமானம், தரையிறங்கி 25 நிமிடத்தில் மீண்டும் கிளம்புவது, சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் கட்டணம் என்ற முறையால் அது தென்கிழக்காசியா முழுவதும் பரவியது. இண்டிகோ இன்னொரு படி மேலே சென்றது. முதல் விமானம் பறப்பதற்கு முன்பே, 2005-இல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2023 ஜூனில் ஒரே ஆர்டரில் 500 விமானங்களைக் கேட்டது. மொத்தமாக வாங்குவதால் பெரும் தள்ளுபடி கிடைக்கும். விமானம் கைக்கு வரும்போது அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்து, பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஆண்டறிக்கையில் விமானங்களின் சராசரி வயதையும், நிலுவையிலுள்ள ஆர்டர்களையும், குத்தகைப் பொறுப்புகளையும் சேர்த்துப் படியுங்கள்.

இதே உத்திக்குள் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒரே வகை எஞ்சினை நம்பியிருந்த இந்திய நிறுவனமான கோ ஃபர்ஸ்ட், பழுதான பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களால் பாதி விமானங்கள் முடங்கியதைக் காரணம் காட்டி 2023 மே மாதத்தில் நின்றது. விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானபோது, பணியாளர்களை இறுக்கமாகக் கணக்கிட்டு இயங்கிய இண்டிகோ 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. எனவே செலவு மிகக் குறைவாகத் தெரியும் இடத்தில், எந்தக் கையிருப்பைக் கைவிட்டு அந்தக் குறைவு வந்தது என்ற கேள்வியையும் எழுப்புங்கள்.

அடுத்து சட்டம். ஆசியாவில் வானம் ஒரே சந்தையாக இல்லை. எந்த நாட்டு நிறுவனம் வாரத்துக்கு எத்தனை இருக்கைகளை எந்த ஊருக்கு இயக்கலாம் என்பதை இரு அரசுகளின் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு உள்நாட்டுச் சந்தையே கிடையாது. அதனால் சாங்கி விமான நிலையத்தில் பயணிகளை இணைத்து அனுப்புவதும், இந்தியா போன்ற பெரிய சந்தைகளில் பங்குதாரராக நுழைவதும் அதற்குத் தவிர்க்க முடியாதவை. அந்நிய உரிமைக்கு வரம்பு இருந்ததால்தான் ஏர்ஏசியா தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் உள்நாட்டுப் பங்காளிகளோடு தனித்தனி நிறுவனங்களை அமைத்தது. அந்த முறை எல்லா நாட்டிலும் பலித்துவிடவில்லை: ஜப்பானில் அந்நாட்டு விமான நிறுவனமான ஏஎன்ஏ-வுடன் அமைத்த கூட்டு 2013-இல் முறிந்தது, இரண்டாம் முயற்சியும் 2020-இல் மூடப்பட்டது. இந்தியாவில் ஐந்து ஆண்டு அனுபவமும் 20 விமானங்களும் இருந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்ற விதி 2016 வரை இருந்தது. 2003-இல் தொடங்கிய ஏர் டெக்கானை 2005-இல் தொடங்கிய கிங்ஃபிஷர் ஏன் வாங்கியது, ஏன் 2008-இல் லண்டனுக்குப் பறந்தது என்பதை அந்த விதியைத் தெரிந்துகொண்டால்தான் புரிந்துகொள்ள முடியும். மலிவுக் கட்டணத்தில் ஓடிய நிறுவனத்தைச் சொகுசு நிறுவனத்தோடு பிணைத்ததற்கான விலையை அது பின்னர் கொடுத்தது.

மலிவுச் சேவையும் முழுச்சேவையும் ஒரே குடும்பத்தில் இருப்பது தன்னளவில் தவறில்லை. எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017-இல் மலிவுச் சேவையான டைகர்ஏரை ஸ்கூட்டோடும், பின்னர் முழுச்சேவையான சில்க்ஏரைத் தன்னோடும் இணைத்து நான்கு பெயர்களை இரண்டாக்கியது. அதே சாங்கியிலிருந்து இயங்கிய ஜெட்ஸ்டார் ஏசியா, ஏறிய கட்டணங்களையும் கடும் போட்டியையும் சமாளிக்க முடியாமல் 2025 ஜூலை 31 அன்று மூடப்பட்டது.

எரிபொருளும் நாணயமும் சேர்ந்தே வரும். இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் ரூபாயில் சம்பாதித்து, குத்தகையையும் பராமரிப்பையும் டாலரில் கட்டுகின்றன. ரூபாய் சரியும் காலாண்டில் நிரம்பிய விமானமும் நட்டம் காட்டலாம். எரிபொருள் விலையை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்வது காப்பு என்றாலும், பந்தயமாகவும் மாறிவிடும். கேத்தே பசிபிக் 2016-இல் அத்தகைய ஒப்பந்தங்களால் மட்டும் 800 கோடிக்கும் மேற்பட்ட ஹாங்காங் டாலரை இழந்தது.

இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு ஒரு பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு, காலாண்டு முடிவு வரும்போதெல்லாம் திருத்துங்கள். லாப எண்ணை விட, ஒரு நிறுவனம் தன் பழைய விதியை மாற்றும் தருணத்துக்கே கூடுதல் கவனம் கொடுங்கள். ஒரே வகை இருக்கை என்று வளர்ந்த இண்டிகோ 2024-இல் உயர்வகுப்பு இருக்கைகளை அறிமுகப்படுத்தி, நீண்டதூரம் பறக்கும் 30 ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது; 2025 ஜூலையில் வாடகைக்கு எடுத்த போயிங் 787-களில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எரிபொருள் சேராத அதன் செலவு எவ்வளவு ஏறுகிறது, அந்த ஏற்றத்தை நீண்டதூரக் கட்டணம் ஈடுசெய்கிறதா என்ற இரு வரிகளை அதன் பக்கத்தில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.