ஸ்வெட்டரை உள்பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

மூட்டையில் வருகிற பழைய உடுப்பு விற்கிற நுவரெலியா பேல் பசாருக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டரைத் தோளில் வைத்து அளவு பார்ப்பார்கள், கண்ணாடி தேடுவார்கள். நான் நேராக உள்பக்கத்தைப் புரட்டி அக்குள் தையலைத்தான் பார்ப்பேன். கடைக்கார அண்ணன் முதல் தடவை "போடுறதுக்கு இல்லையா தங்கச்சி?" என்று கேட்டார். நூலுக்காகப் பிரிக்கிறதுக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் இப்போது முழங்கை ஓட்டை விழுந்தது, கறை பிடித்தது எல்லாவற்றையும் எனக்கென்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறார், விலையும் பாதிதான்.

டவுன் கடைகளில் கிடைக்கிற நூல் உருண்டை பெரும்பாலும் அக்ரிலிக். நல்ல கம்பளி நூல் வேண்டுமென்றால் கையைச் சுடுகிற விலை. பெரிய ஆள் போடுகிற ஒரு ஸ்வெட்டரைப் பிரித்தால் 300, 400 கிராம் நூல் வரும், அதில் ஒரு கைக்குழந்தைக்குச் சட்டை, தொப்பி, சொக்ஸ் எல்லாம் பின்னி மிச்சமும் இருக்கும். ஆனால் எல்லா ஸ்வெட்டரும் பிரியாது, அதுதான் விஷயம்.

தையலைப் பாருங்கள். பிரியக்கூடிய ஸ்வெட்டரில் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் அந்தந்த வடிவத்திலேயே பின்னப்பட்டு, பிறகு மெல்லிய நூலால் சங்கிலித் தையல் போட்டு இணைத்திருப்பார்கள். இணைப்பை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் ஓரம் வெட்டுப்படாமல், சின்னச் சடை போல முடிச்சு முடிச்சாக ஓடும். மற்ற வகையில் டீ ஷர்ட்டின் உள்பக்கம் மாதிரி ஓரத்தைச் சுற்றி மூன்று நாலு நூல் நெருக்கமாக வளைந்து ஓடும், ஓவர்லொக். அப்படி இருந்தால் துணியாகப் பின்னிக் கத்தரியால் வெட்டித் தைத்தது என்று அர்த்தம். ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டு. எனக்கு இது தெரியாத காலத்தில் பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் ஒரு மரூன் ஸ்வெட்டரை ஆசை ஆசையாக வாங்கி வந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். கிடைத்தது கை நீளத் துண்டுகள், ஒரு பை நிறைய. இன்றைக்கும் ஊசி குத்துகிற தலையணைக்குள் அடைப்பதற்கு அதைத்தான் எடுக்கிறேன்.

சுடுதண்ணீரில் துவைத்துச் சுருங்கிப் போய், கண்ணி கண்ணியாகத் தெரியாமல் போர்வை போல இறுகிக் கிடப்பதையும், முயல் முடி மாதிரி புசுபுசு என்று இருப்பதையும் தொடாதீர்கள். இழுத்தால் அறும்.

கம்பளியா அக்ரிலிக்கா என்று லேபிள் இருந்தால் சொல்லும், பேலில் வருவதில் பாதிக்கு லேபிளை வெட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு துண்டு நூலை வெளியே வைத்துக் கொளுத்துங்கள் (கடையில் வைத்து வேண்டாம்!). முடி கருகிய வாடை வந்து, தானாக அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். கடுதாசி எரிகிற வாடை என்றால் பருத்தி.

அப்புறம், வாங்கி வந்ததை அப்படியே அலுமாரியில் வைக்காதீர்கள். அந்துப்பூச்சி முட்டை ஒன்று இருந்தாலும் போதும், புழு வெளியே வந்து உங்கள் நல்ல கம்பளியையும் தின்னும். பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் போடுங்கள். மீனுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரா என்று எங்கள் அம்மா இன்னும் ஏசுகிறார்.

பிரிக்கும்போது பொத்தான், சிப் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வையுங்கள். பிறகு கழுத்துப் பட்டி, கை, கடைசியாகப் பக்கத் தையல். சங்கிலித் தையலுக்குச் சரியான முனை ஒன்று உண்டு, அதில் ஒரு கண்ணியை வெட்டி இழுத்தால் சர்ரென்று முழுத் தையலும் வந்துவிடும், வராவிட்டால் மற்ற முனைக்குப் போங்கள். உடம்புப் பகுதியைக் கழுத்துப் பக்கத்தில் இருந்து பிரியுங்கள். பின்னத் தொடங்கியது பெரும்பாலும் இடுப்பில் இருந்து, அந்தப் பக்கத்தில் இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும்.

வருகிற நூலைக் கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டிக் கழற்றுங்கள். நூடுல்ஸ் மாதிரி சுருண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊறட்டும். கசக்கக் கூடாது, முறுக்கவும் கூடாது. துவாயில் சுருட்டி அமத்தி, நிழலில் தொங்கவிட்டு, அடியில் ஒரு சின்னப் பாரம். பெரிய கல்லைக் கட்டினால் நூலின் துள்ளல் போய்விடும். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், மழையிலும் மூட்டத்திலும் மூன்று நாள் ஆனாலும் காயாது, அடுப்பங்கரையில் போட்டால் புகை வாடை ஏறிவிடும். பதுளைப் பக்கத்தவர்களுக்கு அந்த மாதங்கள்தான் நல்ல வெயில், கொடுத்து வைத்தவர்கள்.

நூலின் தடிப்புத் தெரிய, அடிமட்டத்தில் நூலை நெருக்கிச் சுற்றி ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 12 அளவில் வந்தால் 4 மில்லிமீற்றர் குரோஷே ஊசி சரியாக இருக்கும். 20க்கு மேல் போனால் மெல்லியது, இரண்டு இழையைச் சேர்த்துப் பின்னுங்கள். அறுந்த இடத்தில் கம்பளி என்றால் முடிச்சே வேண்டாம். இரண்டு முனையையும் கொஞ்சம் பிய்த்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தண்ணீர் தொட்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடேறத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது. சுருங்காது என்று பதப்படுத்திய கம்பளியும் அப்படித்தான், அதற்கு முடிச்சுத்தான் வழி.

பேல் கடையில் பூ வேலை செய்த பழைய மேசை விரிப்பு கிடைத்தால் துருக் கறைக்குப் பயந்து விடாதீர்கள். வெள்ளைப் பருத்தியில் தேசிக்காய் பிழிந்து உப்புத் தூவி வெயிலில் வைத்து அலசினால் போகும், ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை. நிற நூலின் மேல் மட்டும் படக் கூடாது. முதலில் ஈர வெள்ளைத் துணியைச் சிவப்பு நூலில் அமத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த விரிப்பைத் தண்ணீரிலேயே போடாதீர்கள்.